ஒரே பெயரில் இரண்டு சாம்பிள்

சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் நேற்றே போனில் கேட்டாயிற்று, அதனால் அந்தப் பாட்டை விட்டுவிடுகிறேன். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை நீ "மீட்டிங் இருக்கும்மா" என்றாய். இன்னொரு தடவை நானே கத்தரிக்காய் விலையைப் பேசித் தப்பித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் அப்படி நழுவ முடியாது. இந்த உறையை நான் ஒட்டப் போவதில்லை. உன் அப்பா படிக்கட்டும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். இருபத்திரண்டு வருஷம் மூடி வைத்தது போதும்.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உன்னைவிட மூன்று மாதம் மூத்தவன் உன் பெரியப்பா மகன், அவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. மூத்தவன் இருக்க இளையவனுக்கு முடிப்பதா என்று நாலு பேர் கேட்கத்தான் செய்தார்கள். உன் பெரியம்மாதான், "சின்னவனுக்கு வந்தது கைகூடட்டும், எம்மகனுக்கு வரும்போது வரட்டும்" என்று எல்லார் வாயையும் அடைத்தாள். போன மாதம் அவனுக்கு மானகிரியிலிருந்து வந்த சம்பந்தமும் நின்றுபோனது. பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது, ஜாதகமும் பொருந்தியது. இடையில் நின்று பேசிய அம்மாள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வைத்த காப்பியைத் தொடாமல் சொன்னாள்: "பையனக் கொறை சொல்லலை. அந்தக் கால் வளைவு பரம்பரையா வருமோன்னு பயப்படுறாக. நாளப்பின்ன பேரன் பேத்திக்கும் வந்துருச்சுன்னா என்ன செய்யிறதுன்னு கேக்குறாக." உன் பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பரம்பரையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், உன் ஐயா பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அண்ணன் தம்பி இருவருக்கும் முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தால் இரண்டுக்கும் அதே பெயர்தான். உங்கள் அப்பாக்கள் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்றாகிவிட்டது. மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அதனால் வீட்டில் அவன் பெரியவன், நீ சின்னவன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று "பையன் பேரு என்னம்மா?" என்று டீச்சர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். பிள்ளை பெயர் தெரியாத தாயா என்று அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. இந்தக் கடிதத்தில்கூட அந்தப் பெயரை எழுதப் பேனா வரவில்லை, பார்த்துக்கொள். மனிதர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. சொன்னால் நாக்கு வெந்தா போய்விடும்? ஆனாலும் வராது.

பெரியவனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது கால்கள் இரண்டும் முட்டியில் சேராமல் அகன்று நின்றன. நடக்கும்போது உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். குழந்தை டாக்டர் அவன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், படத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ரத்தத்தில் விட்டமின் டி அளவு பார்க்கச் சொன்னார். வெயிலில் நின்றால் உடம்பு தானே செய்துகொள்கிற சத்து அது, அது குறைந்தால் பிள்ளைக்கு எலும்பு உறுதிப்படாமல் வளைந்துவிடும் என்று விளக்கினார். உன் ஐயா சிரித்தார். "காரைக்குடியில இருந்துக்கிட்டு வெயில் பத்தலைன்னு ரத்தம் எடுக்கப் போறீகளா? நல்ல கூத்துப்பா!" என்றார். ஆனால் டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரியவனுக்குத் தொட்டால் சிவக்கிற தோல். வேர்க்குருவும் கொப்புளமுமாகக் கஷ்டப்பட்டதால் உன் பெரியம்மா அவனை வாசலுக்கே விட மாட்டாள், விட்டாலும் குடையோடுதான். நீயோ விடிந்தால் தெருப்புழுதியில் கிடப்பாய். உன்னைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு பிள்ளைக்குத்தான். ஆனால் அது ஒரே வீடு, ஒரே உலை. சட்டைத் துணிகூட ஒரே துண்டில் எடுத்து உங்கள் இரண்டு பேருக்கும் தைப்போம். "எடுக்கிறதுதான் எடுக்குறீக, ரெண்டு பேருக்கும் எடுங்க. ஒரு புள்ளைக்குப் பாத்து ஒரு புள்ளைக்குப் பாக்கலைன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது" என்றார் உன் ஐயா. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான். எதற்கு என்று காரணம் இல்லாமல் ஒரு பிள்ளைமேல் ஊசி வைக்கக் கூடாது என்று தெரியாதவளா? தெரியும். ஆனால் மாமனார் சொல்லைத் தட்டவில்லை. அதைவிட, உள்ளுக்குள் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, என் பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளில் பார்த்துவிட வேண்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் லேபுக்குக் கூட்டிப் போனேன். சின்னப் பிள்ளைக்கு ரத்தம் எடுப்பது பெரிய ஆளுக்கு எடுப்பது மாதிரி இல்லை. நரம்பு கண்ணுக்கே தெரியாது. துண்டால் சுற்றி மடியில் வைத்து, முழங்கையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஒரே குத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது தடவை குத்தினால் அந்தப் பிள்ளை அப்புறம் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறும். "வலிக்காது" என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. "வலிக்கும்டா ராசா, அஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிரும்" என்பேன். கைராசிக்காரி என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது, அந்தக் கர்வமும் இருந்தது. எடுத்த கையோடு, அந்தப் பிள்ளை அங்கேயே இருக்கும்போது, பெயரை வாய்விட்டுக் கேட்டு டியூபில் எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். புதிதாக வருகிற பெண்களை அதற்காக நான் திட்டாத திட்டு கிடையாது.

முதலில் பெரியவன். அவன் கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டான், சத்தமே இல்லை. அடுத்து நீ. ஊசியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே லேப் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினாய். சொந்தப் பிள்ளைக்குக் குத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உதவிக்கு நின்ற செல்வி சின்னப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "என்ன பேருக்கா எழுத?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், பெரியப்பா பெயரையும் சேர்த்து, உன் அப்பா பெயரையும் சேர்த்து. சொல்லவில்லை. "அந்தச் சீட்டுல இருக்குல்ல, பாத்து எழுது" என்றேன். அவள் டாக்டர் சீட்டைப் பார்த்து இரண்டு டியூபிலும் அதே பெயர், அதே இனிஷியல், அதே வயது எழுதினாள். பிறகு நம்பர் ஒட்ட வேண்டும். "இதுல யாருது எதுக்கா?" என்றாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "முன்னால இருக்கிறது பெரியவன்" என்றேன்.

அந்தச் சோதனை அப்போது நம் ஊரில் கிடையாது. ஐஸ் வைத்துக் கூரியரில் சென்னைக்குப் போகும். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பெரியவனுக்குத் தேவையான அளவு இருந்தது. உனக்கு ஒற்றை இலக்கம், படுமோசம். டாக்டர் தாளையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் உருண்டு கிடக்கிற பிள்ளைக்கா என்று அவருக்கும் ஆச்சரியம்தான். "சில புள்ளைகளுக்கு வெளிய தெரியாது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, உனக்கு வாரம் ஒரு பொட்டலம் மருந்துத்தூள் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். பெரியவன் காலை, "சில பிள்ளைகளுக்கு இந்த வயசுல இப்படி இருக்கும், வளர வளர நேராயிரும், பொறுத்துப் பாப்போம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாளைக் கொடுத்தவள் நான். காலே கண்முன் வளைந்து நின்றது, நாங்கள் எல்லோரும் தாளைத்தான் நம்பினோம்.

அந்த மருந்தை நீ குடிக்கக் குடிக்க உனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு கட்டிக்கொண்டது, அடிக்கடி வாந்தி எடுத்தாய். சத்து ஏறுகிற நேரத்தில் இது அடம்பிடிக்கிறதே என்று ஒருநாள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது, என் உள்ளங்கைக்கு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது உன் அளவு மேல் எல்லையைத் தாண்டி நின்றது. அவ்வளவு தாழ்ந்து கிடந்த அளவு அந்த மருந்தில் இவ்வளவு உயரம் ஏறாது. ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு லேபில் செல்வி இருந்த இடத்துக்குப் போனேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், அன்றைக்கு டியூபை எப்படி வைத்தாய் என்று. "நான் எப்பவும் மொத டியூப்பப் பின்னாலதானக்கா வப்பேன்" என்றாள். பின்னால் இருந்தது பெரியவனுடையது. அவன் அளவு உன் நம்பரில் வந்திருக்கிறது. பெயர் ஒன்றுதானே, யார் கண்டுபிடிப்பார்கள்? அவனுக்குச் சேர வேண்டிய மருந்தை நீ குடித்திருக்கிறாய்.

அன்றைக்கே உன் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் மூன்று மாதத் தாமதத்தோடு போயிருக்கும். நான் போகவில்லை. ஏன் என்று எனக்கு நானே எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான பெண் ஊரார் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதா என்று நான் வேலைக்குப் போவதையே அந்த வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. "பாத்தியா, சொந்தப் புள்ளைகளையே ஒழுங்காப் பாக்கத் தெரியல" என்று சொல்வார்கள், வேலையை விடச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதுகூட முழு உண்மை இல்லை. எனக்குத் தப்பே வராது என்று ஊர் நம்பியதை நானும் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன். உன் மருந்தை நிறுத்தினேன். அதே பொட்டலத்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல், சாயங்காலப் பாலில் கலந்து பெரியவனுக்குக் கொடுத்தேன். "சின்னம்மா பால்" என்று கேட்டு வாங்கிக் குடிப்பான். மருந்தை மட்டும் கொடுத்தால் போதுமா? கூடவே சுண்ணாம்புச் சத்து கொடுக்க வேண்டும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஒளித்துச் செய்கிறவள் இதில் எதைச் செய்ய முடியும்? ஐந்தாவது பொட்டலத்தோடு உன் பெரியப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்து அவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அப்போதாவது சொன்னேனா? ஸ்டேஷனில் அவனைத் தூக்கி முத்தம் கொடுத்து, "வெயில்ல வெளாடுடா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வலது கால் பாதிக்கு மேல் நேரானது. இடது கால் ஆகவில்லை. எட்டு வயதில் அந்த முட்டியில் ஆபரேஷன் செய்தார்கள். எல்லாம் நேரத்தில் செய்திருந்தாலும் அது தேவைப்பட்டிருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் பொதுவாகச் சொன்னார். அந்த "லாம்"முக்குப் பின்னால் நான் பல வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அவன் இடது காலைச் சாய்த்துத்தான் வைக்கிறான்.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். இப்போதெல்லாம் கடையில் காய் வாங்குகிற மாதிரி தாய்மார்கள் வந்து, "புள்ளைக்கு எல்லா விட்டமினும் பாத்துருங்க" என்கிறார்கள். நன்றாக ஓடியாடுகிற பிள்ளையை ஒரு எண்ணுக்காகக் குத்தாதே. கைக்குழந்தைக்கு டாக்டர் சொட்டு மருந்து சொன்னால், அவர் சொன்ன அளவைக் கொடு; சத்துதானே என்று ஒரு சொட்டுகூடக் கூட்டாதே. கால் வளைகிறது, நடை பிந்துகிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டுக் கேட்டால் அப்போது ஊசிக்குப் பயந்து பின்வாங்காதே. ரத்தம் எடுக்கும்போது நீ பக்கத்தில் நில். டியூபில் என்ன எழுதுகிறார்கள் என்று பார், பிறந்த தேதியையும் எழுதச் சொல். சிடுசிடுப்பார்கள், சிடுசிடுக்கட்டும், நானும் அப்படி எத்தனையோ பேரிடம் சிடுசிடுத்தவள்தான். தாளில் ஒன்றும் பிள்ளை உடம்பில் ஒன்றுமாகத் தெரிந்தால், மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதே. இன்னொன்று. பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அடிக்காதே. அதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். உன் பெரியப்பா ஓய்வு பெற்று அவர்கள் ஊருக்குத் திரும்பிவந்த இந்த நாலு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குப் போகாத நாளே கிடையாது, உனக்குத் தெரியும். அன்று வாசற்படி ஏறுமுன் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒங்கள்ட்ட ஒன்னு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் எதுவும் கேக்காதீக" என்றேன். "என்னடி, கல்யாணத்துல எதுவும் கொழப்பமா?" என்று பதறினாள். என் மகன் கல்யாணத்துக்குத்தான் பதறினாள். எல்லாவற்றையும் சொன்னேன், செல்வி, டியூப், ரிப்போர்ட், பால், ஸ்டேஷன், ஒன்று விடாமல். அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பேசினாள். "அவன் வயித்துல இருக்கயில நான் அடுப்புச் சாம்பல அள்ளி அள்ளித் தின்னேன்டி. மசக்கையில அப்புடி ஒரு வெறி. அவுகளுக்குக்கூடத் தெரியாது. அந்தச் சாம்பல்தான் எம்புள்ள எலும்ப அரிச்சுருச்சுன்னு நெனச்சேன். முருகன்ட்ட அதுக்குத்தான மன்னிப்புக் கேட்டு நடந்தேன்" என்றாள். சின்னவனே, தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் அவள் பழனிக்கு நடந்து போனது உனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இருந்தபோதும் அதற்கென்றே ஊருக்கு வந்து, நம் கூட்டத்தோடு இங்கிருந்தே நடப்பாள். பிள்ளைக்காக ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தேன். வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் நான். திரும்பி வந்ததும் கொப்புளம் வெடித்த அந்தப் பாதத்துக்கு வெந்நீர் வைத்து ஊற்றியவளும் நான். செய்யாத தப்புக்கு அவள் நடந்திருக்கிறாள். செய்தவள் குனிந்து அவள் காலைக் கழுவிவிட்டு, நல்ல ஓரகத்தி என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

"ஏண்டி சொல்லல?" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பேன், வையவில்லை. "மானகிரிக்கு நானே போயி, பரம்பரையெல்லாம் இல்லைன்னு நடந்ததச் சொல்றேன்க்கா" என்றேன். "அது அப்பறம்" என்றாள். "மொதல்ல அவன்ட்டச் சொல்லு. அவன் காலு, அவனுக்குத்தான் மொதல்ல தெரியணும். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா ஒனக்குப் பரிஞ்சு பேசிருவேன்." சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். தொட்டுச் சமாதானம் செய்யக் கை நீட்டினேன். நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறான். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்லப் போகிறேன். நீயும் சனிக்கிழமையே வந்துவிடு. அவனுக்கு முன்னால் உனக்கு எழுதுவது முறையில்லைதான், அன்று நீ குறுக்கே பேசிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. "விடுங்க சின்னம்மா" என்று எழுந்து போகலாம். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லலாம். உன் கல்யாணத்துக்கு வராமல்கூட இருக்கலாம். எது செய்தாலும் அது அவன் பாத்தியதை. நீ சின்ன வயதிலிருந்தே என்னை யாராவது ஒரு சொல் சொன்னால் முந்திக்கொண்டு சண்டைக்குப் போகிறவன், அதுதான் எனக்குப் பயம். அன்று "அம்மா தெரியாமச் செஞ்சுட்டாக" என்று வாயைத் திறந்துவிடாதே. முதல் நாள் தெரியாமல் செய்தேன், மற்ற எல்லா நாளும் தெரிந்துதான் செய்தேன். நான் அழுதால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க எழுந்திருக்காதே. என் பக்கத்தில் உட்காராதே. போய் உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்.